சோஃபியாவில் ஒட்டிய போஸ்டர்

பிப்ரவரி 27, வியாழன்

சிவகாசியிலிருந்து பல்கேரியா நாட்டுத் தலைநகரத்தில் கால் வைத்த முதல் ஆள் காளிராஜனாகிய நான்தான். என் அக்கா மகள் பொன்செல்வி ஆறு வருஷமாக இங்கே இருக்கிறாளே என்று யாராவது கேட்கலாம். அவள் புருஷன் கூட்டிவர வந்தவள். ஊரைப் பார்க்க வேண்டும் என்று தானாகக் கிளம்பி வந்தவன் நான்.

விமானத்தில் பைலட்டே என் இருக்கைக்கு வந்து கைகொடுத்தார். தொப்பி வைத்திருந்தார், பைலட்டாகத்தான் இருக்க வேண்டும். சோஃபியாவில் இறங்கினால் எதிரே ஒரு மலை, தலையில் பனி. பொன்செல்வி கோட்டும் பூட்ஸுமாக வந்து நின்றாள். "மெலிஞ்சு போயிட்டா" என்று அக்காவுக்கு போனில் சொன்னேன். உண்மையில் மெலியவில்லை, கன்னம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அப்படிச் சொன்னால்தான் நான் வந்த காரியத்துக்குச் சரியாக வரும்.

காரியம் இதுதான்: அவளை ஊருக்குக் கூட்டிப் போவது. மார்ச் ஒன்பதுக்கு இரண்டு டிக்கெட் என் பையில் இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

புருஷன்காரன் இப்போது அவளோடு இல்லை. விவாகரத்து ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் என் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் கிடையாது. கோயம்புத்தூரில் அவன் வீட்டுக்கு நேரில் போய் விசாரித்தவன் நான். எட்டு அறை, வாசலில் இரண்டு கார், பின்னால் கிணறு. இதற்கு மேல் ஒரு தாய்மாமன் என்ன விசாரிக்க முடியும்?

பிப்ரவரி 28, வெள்ளி

அவள் குடியிருப்பது பழைய நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. அவள் மூன்றாவது மாடி. நான் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறேன், இரண்டு இடத்தில் மட்டும் வேடிக்கை பார்க்க நிற்பேன்.

கட்டடத்துக்கு அடியில் நிலவறையில் ஒரு கடை இருக்கிறது. அதன் ஜன்னல் நம் கணுக்கால் உயரம். பிஸ்கெட் வேண்டுமென்றால் நடைபாதையில் குத்தவைத்து உட்கார்ந்து தலையை உள்ளே நீட்ட வேண்டும். கடைக்கார அம்மாள் பெயர் ரோசித்சா. கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரிவாள். இந்த ஊரில் இப்படிக் கடைகள் நிறைய. என்னைப் பார்த்ததும் எழுந்து வணங்கினாள். எழுந்தாளா என்பது சரியாகத் தெரியவில்லை.

பொன்செல்வி லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டினாள். அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தேவாலயம். தங்க முலாம் பூசிய கும்பங்கள். உள்ளே ஐயாயிரம் பேர் நிற்கலாமாம். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் ஒரு சந்துக்குள் அவ்வளவு பேர் நிற்பார்கள் என்றேன். மஞ்சள் கல் பதித்த ரோடு. சர்ச், மசூதி, யூதர் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

எனக்குப் பிடித்தது சுவர்தான். பார்க்கிற இடமெல்லாம் முகம். வீட்டுக் கதவில், மரத்தில், டிராம் நிறுத்தத்தில், ஏ4 அளவுத் தாளில் ஒரு போட்டோ, பெயர், இரண்டு தேதி, சுற்றிலும் பட்டைக் கரை. எழுபது ஜிஎஸ்எம் கனத் தாள், ஒற்றை வண்ணம். தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவன். நான் வெட்டாமல் ஒரு தாள் அங்கே வெளியே போனதில்லை.

"ஏத்தா, இங்கே எலக்சனா?"

"இல்ல மாமா. அது வந்து..."

"இரு, நான் சொல்றேன். பிறந்தநாள் வாழ்த்து. நம்ம ஊரு மாதிரி."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், டிராம் வந்துவிட்டது. சாவுப் போஸ்டர் என்றால் எனக்குத் தெரியாதா? ஒற்றைக் கண் வரைந்து அதில் கண்ணீர் சொட்ட வேண்டும், மாலை போட வேண்டும். இங்கே முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மார்ச் 1, சனி

மார்ச் பிறந்தால் இங்கே எல்லாரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொள்கிறார்கள். ரோசித்சா ஜன்னல் வழியே என் கையை இழுத்துக் கட்டிவிட்டாள்.

"நம்ம ஊர்ல காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக்கூடாதுல்ல மாமா?" என்று பொன்செல்வி கேட்டாள். அவள் கையிலும் நூல் இருந்தது.

நான் வேறு பேச்சுக்குப் போனேன்.

மார்ச் 2, ஞாயிறு

பழைய குளியல் மாளிகைக்குப் பக்கத்தில் குழாய் குழாயாக வெந்நீர் கொட்டுகிறது. பூமிக்கு அடியிலிருந்து அப்படியே சூடாக வருகிறதாம். ஊரே கேனும் பாட்டிலுமாக வரிசையில் நிற்கிறது. பொன்செல்வி ஞாயிறுதோறும் வந்து நாலு கேன் பிடித்துப் போகிறாள். இரண்டு அவளுக்கு, இரண்டு நாலாவது மாடி திமித்தாருக்கு. திமித்தார் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டது, படி இறங்கமாட்டார். அவர் கதவில் ஒரு பெண்ணின் போட்டோ ஒட்டியிருக்கிறது. அவர் சம்சாரம். வருஷாவருஷம் புதுத் தாள் ஒட்டுகிறாராம், அவ்வளவு பிரியம். அந்த அம்மாளைத்தான் வீட்டில் காணோம். மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் போல.

குழாயடியில்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒன்பதாந்தேதி நாம ரெண்டு பேரும் கிளம்புறோம்."

"நாமன்னா யாரு?"

"உங்கம்மா முடிவு பண்ணிட்டா. ராஜபாளையத்துல ஒரு மாப்பிள்ளை. மில்லுல மேனேஜர். முதல் சம்சாரம் தவறிப்போச்சு, பிள்ளை இல்லை. தங்கமான ஆளு."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம சொல்வேனா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி நிறைஞ்சிருச்சு, குழாயை மூடுங்க மாமா" என்றாள்.

திரும்பி வரும் வழியில் நான்தான் கேட்டேன். "நாளைக்கு ஒண்ணுன்னா இந்த ஊர்ல உனக்குன்னு யாருத்தா இருக்கா?"

அவள் கேனைத் தோள் மாற்றிக்கொண்டாள். கட்டட வாசலுக்கு வந்ததும், "புதன்கிழமை என் பிறந்தநாள். அது முடியட்டும், சொல்றேன்" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

தெருவெல்லாம் கொடி, பட்டாளம், பேண்டு வாத்தியம். வெளியூரிலிருந்து நான் வந்ததற்கு இவ்வளவு வேண்டாம் என்றேன். இன்று இவர்களுடைய சுதந்திர நாளாம். பொன்செல்வி சிரித்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் பல் தெரியச் சிரித்தாள்.

அக்கா போன் பண்ணினாள். "என்னடா சொல்றா?" "கிளம்பத் துடிக்கிறாக்கா" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

அவள் வேலைக்குப் போன பிறகு ஒரு யோசனை வந்தது. தாய்மாமன் ஊரில் இருக்கும்போது அவள் பிறந்தநாளுக்குச் சுவரில் ஒரு போஸ்டர் இல்லையென்றால் எப்படி? மனசு குளிர்ந்தால் ஒன்பதாம் தேதி மறுபேச்சில்லாமல் விமானம் ஏறுவாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. கண்ணாடியில் அதே மாதிரித் தாள்கள் மாதிரிக்கு ஒட்டியிருந்தன. கடைக்காரருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவர் பாஷை வராது. ஜாடையே போதும். போனில் பொன்செல்வி போட்டோவைக் காட்டினேன், கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். பெயரை எழுதிக் கொடுத்தேன். பிறந்த தேதி, நடுவில் ஒரு கோடு, நாளைய தேதி.

அவர் நாளைய தேதியில் விரல் வைத்து ஏதோ கேட்டார், ஆமாம், நாளைக்குத்தான் என்று ஜாடை காட்டினேன். போட்டோவைப் பார்த்தார். எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். தமிழனுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஓரத்தில் சிலுவை இருந்தது. நாங்கள் வேறு சாமி என்று கும்பிட்டுக் காட்டினேன், எடுத்துவிட்டார். குத்துவிளக்குப் படம் கேட்டேன். அவரிடம் மெழுகுவத்திதான் இருந்தது. பிறந்தநாளுக்கு அதுவும் பொருத்தம்தானே, சரி என்றேன். கரையைக் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொன்னேன், அப்போதுதான் எடுப்பாக இருக்கும். இருபது பிரதி. நாலு பக்கமும் ஒரே அளவு வெள்ளை விட்டு நானே வெட்டிக் கொடுத்தேன். அந்த மனுஷன் கத்தியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

மார்ச் 5, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பொன்செல்வி வேலை பார்ப்பது, கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்களுக்கு போனில் வழி சொல்லும் கம்பெனி. உள்ளே நுழைந்ததும் சொந்த போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். ஏழு மணிக்கு அவள் கிளம்பியதும் அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினேன். கட்டட வாசல் கதவு, டிராம் நிறுத்தம், ஏழு மரம், வெந்நீர்க் குழாய்ப் பக்கம் என்று எட்டரைக்குள் இருபதையும் ஒட்டிவிட்டேன். ஒரு சுருக்கம் கிடையாது. பிறகு மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிற ரோமாபுரிக் காலத்து ரோட்டையும் செங்கல் கோயிலையும் பார்த்துவிட்டு, அவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்று மணிக்குத் திரும்பினேன்.

மாடிப்படியில் படிக்கு ஒன்றாக மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பூக்கள். அவள் வீட்டுக் கதவு முன்னால் கூட்டம். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். படி இறங்காத திமித்தார் ஒரு மாடி இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருந்தார். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். பிறந்தநாளை இவ்வளவு ஆழமாகக் கொண்டாடுகிற ஜனங்கள்!

கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ரோசித்சாவை இன்றுதான் முழு ஆளாகப் பார்த்தேன், என்னைவிட உயரம். ஒரு பெரிய கிண்ணத்தில் வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை, நொறுக்கிய கொட்டைப் பருப்பு. எனக்கு ஒரு கோப்பையில் வைத்துக் கொடுத்தாள். பொங்கல் மாதிரி இருந்தது. இன்னொரு கோப்பை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாய்ந்து உட்காரவில்லை. பேசுகிறவர்கள் தரையைப் பார்த்துப் பேசினார்கள். கம்பெனியில் யாரும் போன் எடுக்கவில்லை என்பதுபோல் ஒருத்தி போனைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். இப்படி உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா செத்த அன்று எங்கள் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நோ, நோ! டெத் இல்லை! பர்த்டே! ஹாப்பி பர்த்டே!" என்று கத்தினேன். கைதட்டிக் காட்டினேன், பாடிக் காட்டினேன். திமித்தார் எழுந்து வந்து என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். ரோசித்சா தண்ணீர் தெளித்தாள்.

ஐந்தரைக்குப் படியில் பூட்ஸ் சத்தம். பொன்செல்வி கையில் ஒரு தாளோடு வந்தாள். வாசல் கதவிலிருந்து பிய்த்திருக்கிறாள், பாதிதான் வந்திருக்கிறது.

அலறினது ரோசித்சா. ஓடிப் போய் அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டாள், பிறகு கட்டிப்பிடித்துத் தரையோடு உட்கார்ந்துவிட்டாள். திமித்தார் சுவரைப் பிடித்துக்கொண்டு பொன்செல்வியின் பெயரையே சொல்லிக்கொண்டு நின்றார். அவள் தலைமுடியைத் தொட்டார், காதைத் தொட்டார்.

"மாமா, என்ன மாமா பண்ணீங்க?"

"பிறந்தநாள் போஸ்டர்த்தா."

"இங்க இது செத்தவங்களுக்கு ஒட்டுறது மாமா."

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாருக்கும் அவர்கள் பாஷையில் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள், ஒருத்தர் என்னை அடிக்கவும் வந்தார். பிறகு பார்த்தால் அவள் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அது சிரிப்பின் பாக்கி இல்லை. ஆறு வருஷத்து அழுகை.

ரோசித்சா பூக்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாள். ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு பூவை உருவி எடுத்தாள். செத்தவர்களுக்கு இரட்டைப்படை, இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையாம். உருவினதையெல்லாம் ஜன்னலைத் திறந்து வெளியே வீசினாள். மீதியைப் பொன்செல்வி மடியில் வைத்தாள்.

யாரோ சாராய பாட்டில் கொண்டு வந்தார்கள். நூறு பேர் இருக்கும்.

இல்லை. பதினொரு பேர். எண்ணினேன்.

மார்ச் 6, வியாழன்

அவள் லீவு போட்டாள். வெந்நீர் வாளியும் தோசைக் கரண்டியுமாக இரண்டு பேரும் போஸ்டர் சுரண்டப் போனோம். சிவகாசிப் பசை, சுலபமாக வராது. அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

டிராம் நிறுத்தத்தில் சுரண்டும்போது கேட்டாள். "ராஜபாளையத்துக்கு நெசமாப் போனீங்களா மாமா?"

"போனேன்னு சொன்னேனே."

"கோயம்புத்தூருக்குப் போன மாதிரியா?"

கரண்டி என் கையில் நின்றுவிட்டது.

"கல்யாணமான ரெண்டாம் நாளே மாமியார் சொல்லிட்டாங்க. 'பொண்ணு வீட்லேர்ந்து விசாரிக்க ஒருத்தர்கூட வரலியே, அவ்வளவு பாரமா இருந்தியா'ன்னு கேட்டாங்க. எட்டு ரூமு ஏது மாமா? ரெண்டு ரூமு. கிணறும் இல்ல."

"உங்கம்மாகிட்ட சொல்லலையா?"

"சொல்லியிருந்தா அம்மா அதோட உங்ககூடப் பேசியிருக்கமாட்டாங்க. அம்மாவுக்குப் பிறந்த வீடுன்னு நீங்க ஒருத்தர்தானே."

ஆறு வருஷமாக இதை வைத்துக்கொண்டு, போனில் "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. அன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மழை. விலாசத்தை ஒரு ஆட்டோக்காரரிடம் காட்டினேன், அது ரொம்ப உள்ளே என்றார். டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். படித்தவர்கள் வீடு, அவர்கள் ஏதாவது கேட்டால் என்ன பேசுவது என்று தோன்றியது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அறைகளைத் திருப்பூர் தாண்டுவதற்குள் கட்டினேன். கிணறு தாராபுரத்தில் தோண்டினது.

சுரண்டிக்கொண்டே அவள் சொன்னாள். "அவன் வேலைக்குப் போறப்ப வெளியே பூட்டிட்டுப் போவான் மாமா. எனக்கு இங்க ஒரு வார்த்தை தெரியாது. உள்ளேருந்து கதவைத் தட்டுவேன். திமித்தார்தான் டிராம் ஸ்பேனரைக் கொண்டுவந்து பூட்டை உடைச்சாரு. ரோசித்சா ஒன்றரை மாசம் முதல் மாடியில அவங்க வீட்ல படுக்க வச்சாங்க."

இந்த ஊரில் உனக்கு யாரு இருக்கா என்று அவளைக் கேட்டவன் நான்.

"டிக்கெட்டை என்ன மாமா பண்றது?" என்றாள்.

"ஒண்ணு போதும்த்தா" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

மழை. எங்கும் போகவில்லை.

மார்ச் 8, சனி

காலையில் அக்காவுக்கு நானே போன் பண்ணினேன். பொன்செல்வி வேண்டாம் என்றாள். "நான் சொல்லிக்கிறேன், நீங்க கோயம்புத்தூரை மட்டும் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்தாள்.

"என்னடா, பெட்டி கட்டியாச்சா? மதுரைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"நான் மட்டும்தான்க்கா வர்றேன்."

"அவ மாட்டேங்கறாளா? குடு போனை."

"இருக்கா. முதல்ல நான் சொல்றதைக் கேளு. கோயம்புத்தூர்ல அந்த வீட்டுக்கு நான் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டேன். எட்டு ரூமும் நானாச் சொன்னது."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டது. மறுபடி போட்டது. அக்கா அணைக்கப் போகவில்லை.

"ராஜபாளையம்?"

"அங்கேயும் போகலைக்கா."

"அடப்பாவி" என்றாள். அவ்வளவுதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. பிறகு குரல் இறங்கி, "அதுக்காக அவளை அங்க அநாதையா விட்டுட்டு வர்றியா? யாருடா இருக்கா அவளுக்கு?" என்றாள்.

போஸ்டர் கதையைச் சொன்னேன். பூட்டு உடைத்ததையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்த இடத்தில் அக்கா சிரிக்கவில்லை.

"எத்தனை பேரு வந்தாங்க?"

ஊரே திரண்டு வந்தது என்று நாக்கு நுனி வரை வந்தது.

"பதினொரு பேருக்கா."

"அழுதாங்களா?"

"அழுதாங்க. அந்தக் கால் முடியாத மனுஷன் படி இறங்கி வந்துட்டாரு."

"அவங்கெல்லாம் எங்க இருக்காங்க? இவ கதவைத் தட்டினா கேட்குமா?"

"ஒரே மாடிப்படிக்கா. கேட்கும்."

குக்கர் அணைந்தது. பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம். மூக்கை உறிஞ்சினாள்.

"நீ வா, உன்னை வந்ததும் பேசிக்கிறேன். இப்ப போனை அவகிட்ட குடு. பிறந்தநாளன்னிக்கு பிள்ளைகிட்ட நான் பேசவே இல்லை."